ஹேண்டில்பாருக்குத் தைத்த சட்டை

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் தீராது. நீல நிறப் பெட்டி, தடித்த சுவர், உள்ளே நான்கு ஐஸ் பைகள், மூடியில் ஒரு வெப்பமானி. வீடு வீடாகப் போய் எடுத்த ரத்தத்தை அடைத்த சிறு குழாய்களை அதற்குள் அடுக்கி, மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளே எத்தனை டிகிரி என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கொஞ்சம் கூடிவிட்டால் போதும், உடனே போன் வந்துவிடும். "சிஸ்டர், பெட்டிக்கு என்ன ஆச்சு?" பெட்டியைச் சுமந்து போகிறவளின் கைக்கு என்ன ஆச்சு என்று பதினோரு வருஷத்தில் ஒரு ஜீவன் கேட்டதில்லை.

அவளுக்குக் கூடத்தில் 'ஒரே குத்து' என்று பெயர். பட்டப்பெயர்தான், ஆனால் கிண்டல் இல்லை, மரியாதை. ரத்தம் எடுக்க வெளியே போகிற பதினாறு பேரில் இரண்டாவது தடவை ஊசி போடாமல் எடுக்கிறவள் அவள் ஒருத்திதான். சதை போட்ட கை, எலும்பும் தோலுமான கை, ஊசியைக் கண்டாலே கண் செருகுகிற ஆள், எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். மற்றவர்களைப் போலக் கண்ணால் நரம்பைத் தேட மாட்டாள். இடது ஆள்காட்டி விரலை முழங்கை மடிப்பில் வைத்து லேசாக அழுத்துவாள், விடுவாள், மறுபடி அழுத்துவாள். உள்ளே ஏதோ ஒன்று மெத்தென்று எழும்பி விரலைத் திருப்பித் தள்ளும். அதுதான் இடம். புதிதாகச் சேர்ந்தவர்கள் "எப்படிக்கா?" என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவாள். "என்னை ஏன் கேக்கற? இதைக் கேளு."

அந்த விரல் குளிர்காலத்தில் செத்துப்போகும்.

வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தம் என்பதால் ஆறு மணிக்கெல்லாம் அவள் சாலையில் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குத் தெரியும், காதைத் தொப்பியால் மூடலாம், மூக்கைத் துணியால் கட்டலாம், நெஞ்சுக்கு ஸ்வெட்டர் போடலாம். கை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நின்று காற்றை வாங்கும். வழியில் இருக்கிற பெரிய பாலம் வரும்வரை வலிக்கும். பாலத்தின் மேல் ஏறியதும் வலி நின்றுவிடும். நின்றுவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் முட்டாள்கள். அதற்கப்புறம் கிளட்சைப் பிடித்திருப்பது தன் விரலா, பக்கத்து வீட்டுக்காரியின் விரலா என்பதே தெரியாது.

அவள் பார்க்காத வைத்தியம் இல்லை. கம்பளிக் கையுறை போட்டாள், காற்று சல்லடையில் நுழைகிற மாதிரி நுழைந்தது. தோல் கையுறை போட்டாள், அது பனியில் நனைந்து கட்டையாகி பிரேக்கைப் பிடிக்க விடவில்லை. ரப்பர் கையுறைக்கு மேல் கம்பளி போட்டாள், உள்ளே வியர்த்து, அந்த வியர்வையே ஜில்லிட்டுத் தொலைத்தது. சிக்னலில் நின்றபோதெல்லாம் குனிந்து இன்ஜினில் கையை வைத்தாள். ஒருநாள் இடம் தவறி சைலன்சரில் வைக்க, கையுறை உருகி ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஒரு கையை அக்குளில் செருகிக்கொண்டு மறு கையால் மட்டும் ஓட்டிப் பார்த்தாள். அதை அவள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

வீட்டுக்காரர் தெருமுனைத் தகரக் கொட்டகையில் வண்டி சீட்டுக்கு உறை தைக்கிறவர். வாயில் பேச்சு வராது, ஊசி நூலில்தான் வரும். அன்று மாலை பழைய செய்தித்தாளைக் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் சுற்றி, பென்சிலால் கோடு போட்டு, வெட்டி எடுத்துக்கொண்டு போனார்.

"என்னங்க பண்றீங்க?"

"சட்டை."

"யாருக்கு?"

"ஹேண்டில்பாருக்கு."

மேலே ரெக்சின், நடுவே சீட்டுக்குப் போடுகிற ஸ்பாஞ்ச், உள்ளே பழைய போர்வைத் துணி. பிடியும் லீவரும் உள்ளே இருக்கும், ஓட்டுகிறவள் வெறுங்கையை அதற்குள் விட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆபத்து என்றால் ஒரே இழுப்பில் கை வெளியே வந்துவிடும்படி வாயை அகலமாக வைத்தார். முதலில் தைத்ததில் ஹாரன் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவள் ஒரு எருமையை விளக்கைப் போட்டுப் போட்டு விரட்ட வேண்டியதாயிற்று. அதைச் சொன்னதும் அந்த இடத்தில் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கை ஜன்னலாக வைத்துத் தைத்தார். கடையில் மிச்சமிருந்த துணிதான் என்பதால் ஒரு பக்கம் மெரூன், இன்னொரு பக்கம் புலிவரி.

"சர்க்கஸ் வண்டி மாதிரி இருக்குங்க."

"குளிருக்குக் கலர் தெரியுமா? போட்டுட்டுப் போ."

போட்டுக்கொண்டு போனாள். பாலம் ஏறினாள், இறங்கினாள், கை அவள் கையாகவே இருந்தது. அன்றைக்கு முதல் வீட்டில் ஊசியின் உறையைக் கழற்றும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு குளிர்காலம் அப்படிப் போயிற்று.

அந்த முதல் வீடுதான் டீச்சர் வீடு. திங்கட்கிழமை தோறும் போக வேண்டிய வீடு. டீச்சருக்கு மார்பில் புற்று, இடது பக்கம் அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். அதனால் இடது கையில் ஊசியே போடக் கூடாது. வலது கையில் மருந்து ஏற்றி ஏற்றி நரம்பெல்லாம் கெட்டித்துப்போய், மணிக்கட்டுக்கு மேலே கட்டைவிரல் பக்கமாக ஒன்றே ஒன்று மிச்சம். ரத்தம் எடுப்பதும் அதில், ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுவதும் அதில். அதுவும் போனால் கழுத்துக்குக் கீழே கீறி உள்ளே ஒரு குழாய் வைத்துத் தைத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டீச்சருக்கு வேறெதற்கும் பயமில்லை, இன்னொரு கத்திக்குத்தான் பயம்.

"ஒரு தடவை அறுத்தது போதும்மா எனக்கு. இந்த ஒண்ணை நீ காப்பாத்திக் குடுத்துடு" என்பார் டீச்சர்.

"நான் இருக்கேன்ல டீச்சர்" என்பாள் இவள். அது வாய் வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போதுகூட அந்த ஒரு விரலில் சோப்புத்தூள் படாமல் பார்த்துக்கொள்கிற பெண் அவள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, புது ஏரியா மேனேஜர் வந்து சேரும்வரை. முந்தைய வேலையில் அவர் சோப்பு விற்கிற கம்பெனியில் இருந்தாராம். கெட்டவர் இல்லை, குரலை உயர்த்த மாட்டார், எல்லாரையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். வந்த முதல் வாரம் பதினாறு வண்டியையும் வாசலில் வரிசையாக நிறுத்தச் சொல்லிப் பார்வையிட்டார். புலிவரிக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது.

"இது என்ன சிஸ்டர்?"

"கைக்கு சார். குளிருக்கு."

"நம்ம கம்பெனி பேர் எங்க? ஸ்டிக்கரை மறைக்குதே."

"ஒரு எழுத்துதான் சார் மறையுது."

"கஸ்டமர் வாசல்ல புலித்தோல் போட்ட வண்டி நின்னா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"ரத்தம் எடுக்க ஆள் வந்தாச்சுன்னு நினைப்பாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு மேனேஜரின் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் முகம் மாறவில்லை. ஆனால் பாக்கெட்டிலிருந்து பேனா வெளியே வந்தது.

"கம்பெனிதான் கிளவுஸ் குடுக்குதே."

"அது ரப்பர் கிளவுஸ் சார். கிருமிக்குக் குடுக்கறது, குளிருக்கு இல்ல. பெட்டிக்கு நாலு டிகிரி, அஞ்சு டிகிரின்னு பாக்கறீங்களே, எங்க கைக்கு எத்தனை டிகிரின்னு ஒரு நாள் பாருங்களேன்."

"எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருக்கணும் சிஸ்டர். அவ்வளவுதான். நாளையிலேர்ந்து இது இருந்தா உங்க ரூட்டை வேற ஆளுக்கு மாத்திடறேன்."

கத்தியிருந்தால்கூட அவள் திருப்பிக் கத்தியிருப்பாள். அவர் மெதுவாகச் சொன்னார், உறையைக் கழற்றிவிடுகிறேன் என்று எழுதிய ஒரு தாளை நீட்டினார், கையெழுத்துக் கேட்டார். ரூட்டை மாற்றினால் டீச்சர் வீட்டுக்கு வேறு யாரோ போவார்கள். யார் போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதில் ஒருத்தன் மூன்று இடத்தில் குத்திவிட்டு நரம்பைக் குறை சொல்கிறவன். அந்த ஒற்றை நரம்பை அவனிடம் விடுவதா? வாய்க்கு வந்ததை எல்லாம் மென்று முழுங்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். டீச்சருக்காகத்தான் போட்டாள். அதை நினைத்தால்தான் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

வீட்டுக்காரர் மட்டும் சொன்னார். "கழட்டாத."

"உங்களுக்கு என்னங்க, கொட்டகைக்குள்ள உக்காந்து தைக்கறீங்க. ரூட் போனா யாருக்குப் போகும் தெரியுமா?"

உறையைக் கட்டியிருந்த முடிச்சுகளை அவள் கைதான் ஒவ்வொன்றாக அவிழ்த்தது.

அடுத்த திங்கட்கிழமை அந்தக் குளிர்காலத்திலேயே மோசமான குளிர். பத்தடிக்கு முன்னால் சாலை இல்லை, வெறும் வெள்ளை. கம்பளிக் கையுறைக்கு மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு போனாள். பை பாலத்திலேயே கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டது. டீச்சர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கிளட்சிலிருந்து கையை எடுத்தபோது விரல்கள் மடங்கியபடியே வந்தன. அழைப்பு மணியை முழங்கையால் அழுத்தினாள்.

"வாம்மா, வா. உள்ள வந்து கதவைச் சாத்து" என்றார் டீச்சரின் வீட்டுக்காரர். டீச்சர் நாற்காலியில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். நரம்பு எழும்பட்டும் என்று வலது கையை வெந்நீர்ப் பை மேல் வைத்துத் தயாராக இருந்தார். அவர் தன் பங்கைச் சரியாகச் செய்திருந்தார்.

ஒரு வீட்டுக்கு எட்டு நிமிஷம் என்று போனில் ஓடிக்கொண்டிருக்கும். மிஞ்சினால் சிவப்பாகும். அவள் கைகழுவும் குழாயில் வெந்நீரைத் திறந்து கையை விட்டாள். விரலெல்லாம் நெருப்பாக எரிந்தது. எரிகிறதே, உயிர் வந்துவிட்டது என்று நினைத்தாள். அங்கேதான் ஏமாந்தாள். எரிகிற விரலுக்கு எரிச்சல் மட்டும்தான் தெரியும், வேறெதுவும் தெரியாது. பதினோரு வருஷம் இந்த வேலை பார்த்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். "டீச்சர், இருபது நிமிஷம் குடுங்க, என் கை இன்னும் சரியாகலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன் சிவப்பாகட்டும் என்று விட்டிருக்கலாம். ஒரே குத்து என்கிற பெயர் அந்த வார்த்தையைச் சொல்ல விடவில்லை.

விரலை வைத்தாள். ஏதோ தள்ளியது போலிருந்தது. ஊசியை இறக்கினாள். குழாயில் ஒரு சொட்டு வந்தது, அப்புறம் நின்றது. தோலுக்கு அடியில் நீலமாக ஒரு கொப்பளம் அவள் கண் முன்னாலேயே ஊதிக்கொண்டு வந்தது. ஊசி நரம்பின் மறுபக்கத்தையும் கிழித்துவிட்டிருந்தது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு மண்டியிட்டே இருந்தாள், டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பரவாயில்லம்மா" என்றார் டீச்சர். "வேணும்னா இன்னொரு தடவை பாரேன்."

"மாட்டேன் டீச்சர்."

"என்னம்மா இப்படி ஜில்லுன்னு இருக்கு உன் கை?"

வாசலுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். உள்ளே வைக்க ஒன்றுமில்லை. வெப்பமானி நான்கு டிகிரி காட்டியது. படம் எடுத்து அனுப்பினாள். உடனே பதில் வந்தது, நன்று என்று.

அன்று பதினோரு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அவள் அப்போதுதான் கடைசி வீட்டை முடித்துவிட்டு வண்டியிலிருந்து இறங்கியிருந்தாள். வெயில் என்று பேருக்கு ஒன்று வந்திருந்தது, காற்றின் குத்தல் குறையவில்லை. மேனேஜர் அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்க பேர்ல முதல் தடவையா ஒரு ஃபெயில் வந்திருக்கு சிஸ்டர். என்ன ஆச்சு?"

"சார், கையைக் கொஞ்சம் நீட்டுங்க."

"எதுக்கு?"

"ஊசி இல்ல சார். சும்மா நீட்டுங்க."

நீட்டினார். அவள் ஜில்லிட்ட இரண்டு விரலை அவர் முழங்கை மடிப்பில் வைத்தாள். சுட்டுக்கொண்டவர் மாதிரி கையை இழுத்தார். டீ டம்ளர் உருண்டு காகிதமெல்லாம் நனைந்தது.

"இப்படித்தான் சார் எல்லாரும் இழுக்கறாங்க, ஊசி உள்ள இருக்கறப்ப. இழுக்காத ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க நரம்பை இன்னைக்கு நானே கிழிச்சுட்டு வந்திருக்கேன். அந்த நரம்பு எங்கன்னு இந்த விரலுக்குத் தெரியலை சார். ஸ்டிக்கரை மறைக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்காக."

அவர் காகிதங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். பிறகு, "அந்த உறையைக் கொண்டுவந்து குடுங்க. என்ன பண்ணலாம்னு பாக்கறேன்" என்றார். சொன்னபடி பார்க்கவும் செய்தார், அதில் பொய் இல்லை. அவர் செய்கிற நல்லதெல்லாம் ஏன் இப்படிக் காலம் கடந்துதான் வருகிறது என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மூன்று வாரத்தில் பதினாறு ஜோடி உறைகள் வந்து இறங்கின. கறுப்பு ரெக்சின், வெள்ளையில் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில். பிளாஸ்டிக் ஜன்னல்கூட அப்படியே இருந்தது, அவள் வண்டியின் ஹாரன் எங்கே இருக்கிறதோ அதே இடத்தில். மற்ற வண்டிகளில் அந்த இடத்தில் ஒன்றுமே கிடையாது. வீட்டுக்காரர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் போதாது" என்று மட்டும் சொன்னார். தான் வெட்டிய மாதிரியை அப்படியே எடுத்துக்கொண்டார்களே என்று அவர் கோபப்படவில்லை. அவருக்கும் சேர்த்து அவள்தான் கோபப்பட்டாள்.

புது உறையை எல்லாருக்கும் வழங்கிப் படம் எடுக்கிற நாளும் ஒரு திங்கட்கிழமையாகவே அமைந்தது. ரவுண்டு முடித்து பதினோரு மணிக்கு எல்லாரும் வர வேண்டும் என்று உத்தரவு. அவளுக்கு மட்டும் முந்தின நாளே கொடுத்துவிட்டார்கள். பட்டியலைப் பார்த்தால் முதல் வீடு டீச்சர் வீடு. அந்த மூன்று வாரமும் டீச்சர் ஆஸ்பத்திரிக்கே போய், பாதத்திலும் விரலிடுக்கிலும் குத்துப்பட்டு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டிருந்தாள். இப்போது மறுபடி இவளையே கேட்டிருக்கிறார். நரம்பு தேறிவிட்டது போலிருக்கிறது என்று நம்பிக்கொண்டு பாலத்தை ஏறி இறங்கினாள். கை கதகதவென்று இருந்தது.

டீச்சர் கையை நீட்டினார். அவள் விரலை வைத்தாள். அன்றைக்கு விரலில் ஒரு குறையும் இல்லை, தோலின் கீழே ரோமக்கால் அசைந்தாலும் சொல்லிவிடும். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மெல்லத் தடவிக்கொண்டு போனாள். அழுத்தினாள், விட்டாள். திரும்பித் தள்ள அங்கே எதுவும் இல்லை. காய்ந்த கயிறு மாதிரி ஒன்று உருண்டது. மறுபடி கீழிருந்து ஆரம்பித்தாள்.

"தேடாதம்மா" என்றார் டீச்சர். "அது போயிடுச்சுன்னு போன வாரமே சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை குழாய் வைக்கறாங்க. அதுக்கு முன்னாடி உன்னை ஒரு தடவை பாக்கணும்னுதான் புக் பண்ணச் சொன்னேன். நீ மனசுல வெச்சுக்கிட்டுத் திரியக் கூடாது பாரு."

அவள் விரலை அந்தக் கயிற்றின் மேலிருந்து எடுக்கவில்லை.

"இன்னைக்கு உன் கை நல்லாச் சூடா இருக்கும்மா" என்றார் டீச்சர்.

பதினோரு மணிக்குக் கூடத்தின் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன, பதினாறும் ஒரே மாதிரி. 'எங்கள் பணியாளர் கைகள், எங்கள் பொறுப்பு' என்று ஒரு பேனர். கேமராக்காரர் ஒருவர் வந்திருந்தார். மேனேஜர் உண்மையான சந்தோஷத்தோடு அவளை முன்னால் அழைத்தார்.

"இந்த ஐடியாவே நம்ம சிஸ்டரோடதுதான். சிஸ்டர், ரெண்டு வார்த்தை பேசுங்க. கம்பெனி நம்மளை எப்படிப் பாத்துக்குதுன்னு."

அவள் வரிசையைப் பார்த்தாள். எல்லாரும் அவளைவிடச் சின்னவர்கள். மூன்று இடத்தில் குத்துகிறவனும் இருந்தான், பாவம், அவன் விரலும் குளிரில் வெளுத்துத்தான் கிடந்தது.

"இதை முதல்ல என் வீட்டுக்காரர் தைச்சார்" என்றாள். "ரெண்டு வருஷம் நல்லா இருந்துது. சார் கழட்டச் சொன்னார். நான் கழட்டினேன். அவர் வந்து கழட்டலை, என் கையாலதான் அவிழ்த்தேன். ரூட் போயிடுமேன்னு பயந்து கழட்டினேன். அடுத்த திங்கட்கிழமையே ஒரு டீச்சரோட கடைசி நரம்பைக் கிழிச்சேன். வியாழக்கிழமை அவங்களைக் கழுத்துக்குக் கீழ அறுக்கறாங்க. உங்க விரல் செத்திருந்தா ஊசியைத் தொடாதீங்க. போன் சிவப்பாச்சுன்னா ஆகட்டும். உக்காந்திருங்க. நான் உக்காரலை."

மேனேஜர் அவள் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அதுக்குத்தான் இப்ப குடுத்துட்டோமே சிஸ்டர்" என்றார்.

"எனக்குக் குடுத்தீங்க சார். அந்தம்மா கைக்கு என்ன குடுப்பீங்க? நான் என்ன குடுப்பேன்?"

அவர் கேமராக்காரரைப் பார்த்தார். கேமராக்காரர் ஏற்கெனவே கேமராவைக் கீழே இறக்கியிருந்தார்.